என் தலையில் ஓடிய நாற்பது மெஷின்

பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக அழுத்தும் உருளை மெஷினை இந்தக் குலசேகரம் வட்டாரத்தில் என்னைவிட நன்றாகச் செய்தவன் கிடையாது (இருந்தால் வரட்டும், டீ வாங்கித் தருகிறேன்). அப்பேர்ப்பட்ட நான், கழுத்தில் மாலையோடு ஊர் பார்க்க ஒரு நாள் மானங்கெட்டு நின்றேன். நான் தப்பாகப் பெருக்கவில்லை. சரியாகப் பெருக்கியதுதான் வினையாகிப் போயிற்று.

பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் விவசாயிகள் சங்கம் ஒன்று இருபது செட் கேட்டிருந்தது. மழை முடிந்து பால் வெட்டத் தொடங்கும் நாளில் விழா வைத்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு. செட் என்றால் இரண்டு மெஷின். ஒன்று வழவழ உருளை, மற்றது வரி போட்ட உருளை. மெஷினுக்கு இரண்டு உருளை. உருளையின் இரண்டு முனையிலும் புஷ் என்கிற பித்தளை வளையம். ஆக ஒரு செட்டுக்கு எட்டு புஷ்.

என் மகள் சுபா எஞ்சினியரிங் படித்து ஓசூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் பட்டறைக்கு வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினாள். மேலே செட், அதன் கீழே மெஷின், அதற்கும் கீழே உருளை, அடியில் புஷ். எது எத்தனை வேண்டும், கையில் எத்தனை இருக்கிறது, மீதியை எந்தத் தேதியில் தொடங்கினால் நாளுக்கு முடியும் என்று அதுவே சொல்லுமாம்.

"இதுக்க வேரு மேல இருக்கு மக்கா," என்றேன். "தலைகீழா நிக்க மரத்துல எவனும் தேங்கா பறிச்சதில்ல. இதெல்லாம் எனக்க தலைக்குள்ள ஓடுது."

"ஓடட்டும்ப்பா. உங்க தலைக்குள்ள ஓடுகது மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே பந்தயம் கட்டினேன். இருபது செட்டும் சொன்ன நாளில் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் இனி பட்டறையில் எண்ணிக்கை சொல்வது அவள், வாயை மூடுவது நான். அதுவரை அவள் தலையிடக் கூடாது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் நடுவில் நின்று "இருவது செட்டு" என்று நான் ஒரு சத்தம் போடுவேன், அவ்வளவுதான். உருளைக்காரன் நாலால் பெருக்குவான், புஷ் கடைபவன் எட்டால் பெருக்குவான். அவரவர் பெருக்கல் அவரவர் பாடு. முப்பது வருஷம் ஒரு பிசகு வந்ததில்லை.

ஆனால் அன்றைக்கு மகள் பார்த்துக்கொண்டிருந்தாளே. தலையின் பவரைக் காட்ட வேண்டாமா? ஒவ்வொருத்தனிடமும் நடந்து போய், நானே பெருக்கிய எண்ணைச் சொன்னேன். உருளைக்காரன் மட்டும் "பெருக்குனதா மொதலாளி?" என்று கேட்டுக்கொண்டான். லேத்தில் புஷ் கடையும் நேசமணியிடம் "நூத்தி அறுவது" என்றேன். தலையாட்டினான். கம்பீரமாகத் திரும்பி வந்தேன்.

அடுத்த வாரங்களில் நேசமணி பித்தளை தீர்ந்துவிட்டது என்று நாலு தடவை வந்து நின்றான். ஆர்டர் பெரிதல்லவா என்று நானும் வாங்கிப் போட்டேன். (புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். மேடையில் பேச வேண்டிய பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.)

விழா நாள் வந்தது. நாற்பது மெஷினும் பச்சைப் பெயின்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றன. உருளையைச் சுற்றும் கைப்பிடியை நாங்கள் பட்டறையில் மாட்டுவதில்லை. மாட்டினால் போகிறவன் வருகிறவன் எல்லாம் சுற்றிப் பார்த்து விரலைக் கொடுப்பான். வாங்குகிறவர் இடத்தில்தான் மாட்டுவோம். லாரியில் ஐந்து சாக்கு கனமாக இருந்ததைப் பார்த்து, கைப்பிடிகள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எனக்கு மாலை போட்டார்கள். படிக்காமலே கணக்கில் புலியானது எப்படி என்று கால்மணி நேரம் பேசினேன். சங்கத் தலைவர் உறைந்த பாலை உருளைக்கு இடையில் வைத்துவிட்டுக் கைப்பிடியைத் தேடினார். நான் சாக்கைப் பிரிக்கச் சொன்னேன். பொலபொலவென்று புஷ் கொட்டியது. அடுத்த சாக்கிலும் புஷ். ஐந்திலும் புஷ்.

"ஏலே நேசமணி, என்னலே இது?"

"மொதலாளி சொன்ன எண்ணுதான். நூத்தி அறுவது. எட்டால பெருக்குனேன். ஆயிரத்து இருநூத்தி எம்பது. மாட்டுனது போக மிச்சம் ஸ்பேருன்னு ஏத்திட்டேன்."

"அது பெருக்குன எண்ணுலே."

"யாரு பெருக்குனா?"

"நான்தான்."

"மொதலாளி எப்பம் பெருக்கியிருக்கிய?" என்றான், நிஜமான ஆச்சரியத்தோடு.

கைப்பிடி செய்கிற சாகுலைத் தேடினேன். நான் எண் சொன்ன அன்றைக்கு அவன் தங்கச்சி நிக்காஹுக்குத் தேங்காய்ப்பட்டணம் போயிருந்தான். "வந்து பாத்தா எனக்கு எண்ணு ஒண்ணும் இல்ல மொதலாளி. வெளிய வாங்குதியன்னு நெனச்சேன். சும்மா இருக்காண்டாம்னு நேசமணி அண்ணனுக்குப் புஷ் கடைஞ்சு குடுத்தேன்." புஷ் அத்தனை சீக்கிரம் முடிந்த மர்மம் விளங்கியது.

தலைவர் என்னைப் பார்த்தார். மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். பின்வரிசையிலிருந்து சுபா எழுந்து வந்தாள். லாரி டிரைவரிடம் பைப் ரெஞ்சை வாங்கி உருளைத் தண்டில் பூட்டித் தலைவர் கையில் கொடுத்தாள். அவர் தம் பிடித்துச் சுற்ற, ஷீட் வழவழவென்று வெளியே வந்தது. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு சுற்று என்று வரிசையே நின்றது. மெஷின் நல்ல மெஷின் (செய்தவன் யார்). சுபா பையிலிருந்த கம்ப்யூட்டரை எடுத்துப் பார்த்து, வியாழக்கிழமை சாயங்காலம் நாற்பது கைப்பிடியும் வந்துவிடும் என்றாள். வியாழக்கிழமை மூன்று மணிக்கே வந்து சேர்ந்தன.

பந்தயப்படி மறுநாளிலிருந்து எண்ணிக்கை அவள் வாய்க்குப் போயிற்று. பட்டறை இப்போது இரண்டு மடங்கு பெரிது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவள் என் மகள்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. சுபா கல்யாணத்தில் சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் மணமேடையிலிருந்தே பெண் கையைக் காட்டித் தடுத்தாள். என் மனைவி அதையும் மிஞ்சிவிட்டாள். நேற்றுக் காலையில் இட்லி இரண்டு போதும் என்றேன்.

பதினாறு வந்தது.