பச்சைக்கு வைத்த குங்குமம்

கடலூர் மாவட்டத்திலேயே மனிதர்களை நிற்க வைத்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆசாமி எங்கள் சிக்னல் மாமாதான்! திருவந்திபுரம் சாலையில் இருந்த அவருடைய ஷெட்டில் 2005-ல் நான் வயரிங் வேலைக்குச் சேர்ந்தேன். நெல்லிக்குப்பம் கரும்பு விவசாயிகளுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் செய்து ஆரம்பித்த கம்பெனி அது. பிறகு ஸ்டெபிலைசர். வெளியூர்ச் சரக்கு வந்து இரண்டும் படுத்துவிட்டதும், மாமாவுக்கு டிராஃபிக் சிக்னல் பைத்தியம் பிடித்தது.

ஷெட் வாசலிலேயே ஒன்றை நட்டார். சிவப்பு எரிந்தால் டீக்காரரும் நிற்க வேண்டும். டீ ஆறிப்போகும், எங்கள் வயிறு எரியும். ஒருநாள் சாப்பாட்டுக் கூடையோடு அத்தை சிவப்பைத் தாண்டி வந்துவிட்டார்.

“நில்லு! ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான்!”

“அப்ப சோறும் வூட்டுலயே நிக்கட்டும்” என்று அத்தை கூடையோடு திரும்பிவிட்டார். மாமா அன்று முழுப் பட்டினி. ரூலை மட்டும் மாற்றவில்லை, மகா பிடிவாதம்!

கடைசியில், சிதம்பரத்தில் ஒரு நாற்சந்தியில் சிக்னலை வைத்துக் காட்ட அனுமதி கிடைத்தது. தேறினால் ஆர்டர், இல்லாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு. மாமா காலையிலேயே கம்பத்துக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஏணியில் ஏறி நாலு பக்க விளக்குகளுக்கும் பொட்டு வைத்தார். பச்சை அவருக்குச் செல்லம். அதற்கு மட்டும் கண்ணாடி முழுக்கக் குங்குமத்தைக் குழைத்து அப்பிவிட்டார்.

ஆர்டர் கொடுக்க வேண்டிய அதிகாரி வந்தார். சுவிட்சைப் போட்டோம். சிவப்புக்கு நின்றார்கள். அடுத்து ஒரு பக்கம் பச்சை எரிந்தது. குங்குமத்துக்குப் பின்னால் எரிந்தால் யாருக்குத் தெரியும்? டவுன் பஸ், கரும்பு டிராக்டர், கீரப்பாளையம் மினிபஸ், எல்லாம் நாலு பக்கமும் அப்படியே நின்றன! நான் கத்தினேன்.

“போச்சு மாமா! பச்சையத் தொடைங்க!”

மாமா துண்டோடு ஏணிக்கு ஓடினார். அதிகாரியோ வாயைப் பிளந்து நின்றார்.

“யோவ், போலீசு கை காட்டுனாலே நிக்காத ஊருய்யா இது! ஒரு வெளக்குக்கு நிக்கிறாங்களே! ஆர்டர் ஒனக்குத்தான். மொதல்ல அந்தக் குங்குமத்தத் தொடை!”

அந்தச் சந்தியில் சிக்னல் நிரந்தரமாக எரியத் தொடங்கிய அன்று மாமாவை என் பைக்கில் அழைத்துப் போனேன். சிவப்புக்கு நின்றோம். பச்சை விழுந்தது.

“போலாமா மாமா?”

திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் மாமா விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், கண்கள் கலங்கியிருந்தன.

“இரு மாப்ள. இன்னொரு வாட்டி பாத்துட்டுப் போலாம்.”

பின்னால் ஹாரன்கள் அலறின. நான் வண்டியை அணைத்துவிட்டேன்.