குகநேசர் கண்டுபிடித்த கரோலினாக் கறை

இந்த வெள்ளிக்கிழமை பொஞ்சாதியைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று குகநேசர் முடிவெடுத்துவிட்டார். கலியாணம் முடித்து இருபத்தாறு வருசம். ஒருநாளாவது வெல்ல வேண்டாமா, சொல்லுங்கோ!

வெள்ளியென்றால் ஒஸ்லோ முழுக்க இறைச்சி வைத்த தாக்கோ மணக்கும். குகநேசர் வீட்டில் மட்டும் கத்தரிக்காய்க் குழம்பு. அன்றைக்கு மீன், இறைச்சி எதுவும் ஆகாது: வீட்டுக்குள்ளும் மச்சமில்லை, வெளியிலும் மச்சமில்லை. மனைவி அருள்ராணி போட்ட சட்டம். அப்பேர்ப்பட்ட அருள்ராணியின் ஸ்வெட்டர், போன ஞாயிறு ஊத்தை உடுப்புக் கூடையில் கிடந்தது, கையில் மஞ்சள் கறையோடு. குகநேசர் மோந்து பார்த்தார். கடுகு. வினாகிரி. கொஞ்சம் இனிப்பு.

அது தென் கரோலினாச் சோஸ்! ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், ஸ்ட்ரோம்மனில் ஒரு சின்னக் கடை. அமெரிக்காவின் ஊர் ஊரான சான்ட்விச்சுகளை, கிழமைக்கு ஒன்றாக, வெள்ளி மத்தியானத்தில் மட்டும் போடுவார்கள். இது குகநேசருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மூன்று வெள்ளியாக அவர் அங்கேதான் நிற்கிறார். அதை விடுங்கோ. இப்போது கேள்வி அருள்ராணியைப் பற்றியது. அவள் பிடிபட்டால் சட்டம் செத்தது. பிறகு வெள்ளிக்கிழமை இறைச்சியை ஒளித்துத் தின்னத் தேவையில்லை.

ஐந்து நாள் உளவு பார்த்தார். அவளுடைய கைப்பையை மோந்தார். காருக்குள் சீற்றுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார். அவள் பல்லுத் தீட்டினாலும் சந்தேகம்: எந்த மணத்தை மறைக்கிறாள்? ஒன்றும் அகப்படவில்லை. கைதேர்ந்த கள்ளி என்று பல்லைக் கடித்தார்.

வெள்ளி பின்னேரம் புட்டு தட்டில் விழுந்ததும் ஸ்வெட்டரைத் தூக்கி மேசையில் போட்டார்.

“இதென்ன கறை?”

“பருப்புக்கறி.”

“பருப்பிலை வினாகிரி மணக்குமோ? ஆருக்குக் கதை விடுறாய்? இது தென் கரோலினா! பண்டி இறைச்சியைப் பிச்சுப் பாணுக்குள்ளை வைச்சு மேலை ஊத்துறது!”

“ஐயோ, எனக்கென்னப்பா தெரியும்? அமெரிக்காவிலை எல்லா இடமும் சிவத்தச் சோஸ்தானே?”

“விசர்க் கதை கதையாதை! அலபாமாவிலை வெள்ளை. கோழிக்கு. மயோனைசும் மிளகும், சுள்ளெண்டு உறைக்கும்.”

“அப்ப சிக்காகோவிலை?”

“அங்கை மாடு. அவிச்ச சாற்றுக்குள்ளை பாணையே தோய்ச்சு எடுக்கவேணும்.”

“பாண் கரைஞ்சு போகாதோ?”

“போகாதடியப்பா! தோய்க்காட்டித்தான் தொண்டைக்குள்ளை இறங்காது. முதல் கிழமை தோய்க்கச் சொல்ல மறந்து நான் பட்ட பாடு...”

குகநேசர் அவசரமாகப் புட்டை அள்ளி வாய்க்குள் திணித்தார்.

அருள்ராணி சிரிக்கவில்லை. அவசரப்படாமல் இன்னும் ஒரு அகப்பை குழம்பு விட்டாள்.

“மாடுமோ?” என்றாள்.

“இல்லை... ஆக்கள் கதைச்சதைக் கேட்டனான்...”

“போன சனி, நீங்கள் முதல்நாள் போட்ட ஜக்கெற்றைத் தோய்க்க எடுத்தனான். பொக்கற்றுக்குள்ளை சின்னச் சோஸ் பக்கற் ஒண்டு. நேரை கேட்டால் கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணுவியள். அதுதான் பக்கற்றை வெட்டி என்ரை ஸ்வெட்டரிலை பூசி, கூடைக்கு மேலை வைச்சனான். ஒரு கிழமையா நீங்கள் என்ரை பையை மோந்துகொண்டு திரிஞ்சதையும் பாத்தனான்.”

குகநேசர் கத்தரிக்காயைக் கிண்டினார்.

“கரோலினா, அலபாமா, சிக்காகோ. மூண்டு வெள்ளி முறிச்சிருக்கிறியள்,” என்றாள் அருள்ராணி. “அதுக்கு ஈடு கட்டத்தானே வேணும்?”

வெள்ளிக்கிழமையை மீட்கப் போன மனுசனுக்கு இப்போது செவ்வாயும் சைவம்.