இறக்கை நுனியில் மூன்றரைப் பவுன்

ரங்கூனில் பிறந்து இருபத்தெட்டு வருஷம் அங்கேயே இருந்தவன் நான். தலை சுற்றக்கூடாது என்பதற்காகத் தினமும் அரை மணி நேரம் வேண்டுமென்றே தலைசுற்றிக்கொண்ட மனிதரை அந்த ஊரில் மட்டுமல்ல, உலகத்திலேயே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் லேயின் சயா. பர்மியில் லேயின் என்றால் ஆகாய விமானம். சயா என்றால் வாத்தியார், மரியாதைக்கு யாரையும் அப்படிக் கூப்பிடலாம். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ ஞானஸ்நானப் பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இரண்டு பேரும் ஒரே மரக் கம்பெனியில் குமாஸ்தாக்கள். லான்மடா பேட்டையில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். இரண்டாவது மாடியில் நானும் என் அக்கா ஞானமும். மூன்றாவது மாடியில் சயா, தனிக்கட்டை. அவர் வீட்டில் கட்டில் கிடையாது. கட்டில் போடவேண்டிய இடத்தில் நீளமான ஒரு மேஜை இருந்தது. அதன்மேல் விமானம் படுத்திருக்கும். அடியில் சயா படுத்திருப்பார்.

இங்கிலாந்திலிருந்து கப்பல் தபாலில் ஒரு அட்டைப்பெட்டி வரும். அதற்குள் பால்சா என்ற, ஊதினால் பறக்கிற மரத்தில் மெல்லிய தகடுகளும், ஜமக்காளம் அளவுக்கு ஒரு வரைபடமும் இருக்கும். பிளேடால் வெட்டி, ஒட்டி, எலும்புக்கூடாக நிறுத்தி, மேலே காகிதம் போர்த்த வேண்டும். மூக்கில் உள்ளங்கை அளவு டீசல் இஞ்சின். இப்படி நாலடி இறக்கையோடு உருவாகிற விமானத்தில் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளைக் கட்டி, கம்பிகளின் மறுமுனையை ஒரு கைப்பிடியில் மாட்டி, நடுவில் ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். கைப்பிடியை நிமிர்த்தினால் ஏறும், சாய்த்தால் இறங்கும். செக்குமாடு மாதிரிதான். நடுவில் செக்காக நின்று, மாட்டோடு சேர்ந்து தானும் சுற்றுகிற வேலை லேயின் சயாவுடையது.

அதைப் பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. வீடு மந்திரிக்க வந்த பாதிரியார் ஒருமுறை, "அடடே, அழகான பொம்மை" என்றார். அவர் பாதி குடித்திருந்த தேநீரை அவர் கையிலிருந்து சயா வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அந்த இஞ்சினுக்குத் தீனி வேறு தனி. ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கிய ஈத்தர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்தது. சயா இஞ்சினை ஓட்டிப் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடத்தில் பாதிப்பேர் மயக்கமாகக் கிடப்பார்கள். மீதிப்பேருக்கு வயிறு கலக்கும். கீழே மோஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய சேமியா, விற்கும் டோ கின் அம்மா, "என் குழம்புல விளக்கெண்ணெய் ஊத்திட்டேன்னு ஊரே சொல்லுது சயா" என்று அழுதே விட்டாள். சயா ரொம்ப அக்கறையாக, "எத்தனை பங்கு ஊத்தினீங்க?" என்று கேட்டார்.

இவ்வளவும் செய்த மனிதருக்கு ஒரே ஒரு குறை. மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் தலை கிறுகிறுத்து விழுந்துவிடுவார். முதல் விமானத்தை ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில், அறுவடை முடிந்த வயலில் விட்டார். இரண்டாம் சுற்றில் சயா கிழக்கே சாய்ந்தார். விமானம் மேற்கே ஓர் எருமையின் விலாவில் மோதிச் சுக்குநூறாகியது. எருமை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. இரண்டாவது விமானம் அதுகூட இல்லை, முக்கால் சுற்றில் முடிந்தது. படகில் திரும்பும்போது நொறுங்கிய துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு, "கோளாறு மெஷின்ல இல்ல, தம்பி. என் காதுக்குள்ள இருக்கு" என்றார்.

அன்றிலிருந்துதான் பயிற்சி. மதிய இடைவேளையில் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வலது கையை நீட்டி இடப்பக்கமாகச் சுற்றுவார். முதல் மாதம் அலமாரி அலமாரியாக விழுந்தார். ஒரு வருஷத்தில் நூறு சுற்றுச் சுற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் அதற்குள் மூன்றாவது பெட்டியின் விமானம் பாதியில் நின்றது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோனதால் போர்த்துகிற காகிதம் கிடைக்கவில்லை. குடை செய்கிற ஷான் மலைநாட்டுக் காகிதத்தை வாங்கிப் போர்த்தினார். எப்போது பறக்கவிடப் போகிறீர்கள் என்று கேட்டால், "இன்னும் பதில் வரல" என்பார். யாரிடமிருந்து என்று சொல்ல மாட்டார். பயந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். இதுவும் நொறுங்கினால் இனி ஒரு பெட்டி வராது.

அப்புறம் எல்லாமே நின்றது. கடைகளைப் பட்டாள அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்கள் கம்பெனியையும் எடுத்துக்கொண்டது. மேனேஜர் நாற்காலியில் பட்டாளத்து அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் முதல் நாள் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, கோப்பு அறையில் ஒரு நடுத்தர வயதுக் குமாஸ்தா கையை நீட்டிக்கொண்டு பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். "என்ன செய்கிறாய்?" என்று அதிகாரி அதட்டினார். "இன்னும் இருபத்தாறு பாக்கி, சயா" என்று சொல்லிவிட்டு லேயின் சயா இருபத்தாறையும் முடித்த பிறகுதான் நின்றார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அடுத்த வாரம் எனக்கும் இல்லை. நான் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

சிரிக்கிற காலம் இல்லை அது. தெருவில் இந்தியா திரும்பக் காத்திருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் விலைக்குக் கிடந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை. ஊருக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் குண்டுமணித் தங்கம்கூடக் கொண்டுபோகக்கூடாது என்றார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நகை, செத்துப்போன அம்மாவின் சிலுவை கோத்த சங்கிலி. அக்காவுக்குத் தூத்துக்குடியில் மாமா ஒரு சம்பந்தம் பேசி வைத்திருந்தார். சங்கிலி போட்டு வருவாள் என்று சொல்லித்தான் பேசியிருந்தார். அது இல்லாமல் அந்த ஊரில் போய் இறங்கினால் அவளுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

சயா விமானத்தையும் கப்பலில் கொண்டுபோகப் போகிறார். அதற்குள் நகையை ஒளிக்கலாம் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தோன்றியிருந்தது. ஒவ்வொருவராக மாடியேறிப் போய்த் திரும்பினார்கள். "எங்க வச்சாலும் எடை ஒரு பக்கம் இழுக்கும். மூக்குல வச்சா மூக்கு குத்தும், வாலுல வச்சா வாலு தொங்கும். இது லேயின். இரும்புப் பெட்டி இல்ல" என்று துரத்திவிட்டார். நானும் போனேன். ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். வட்டத்துக்கு வெளிப்பக்கம் இருக்கிற இறக்கையின் நுனியில் ஒரு ஈயத்துண்டு வைக்க வேண்டும். அதன் கனம் விமானத்தை வெளியே இழுத்தால்தான் கம்பி தொய்யாமல் விறைப்பாக நிற்கும்.

"சயா, அந்த ஈயம் எவ்வளவு எடை?"

"ஒரு அவுன்ஸ்."

"எங்கம்மா சங்கிலி மூணரைப் பவுன்."

சயா மேஜையடியிலிருந்து வெளியே வந்தார். காகிதத்தில் கணக்குப் போட்டார். தபால் தராசில் ஒரு தட்டில் ஈயத்தையும் மறு தட்டில் சங்கிலியையும் வைத்தார். தராசு அசையவே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஈயத்தைவிட இது இடமும் கம்மியா அடைக்கும். ஏன் இங்கிலாந்துக்காரனுக்கு இது தோணல?" என்றார். பிடிபட்டால் சிறை என்று சொன்னேன். "அது சரி, இந்தச் சிலுவையைப் பஞ்சுல சுத்திடலாமா, உள்ள லொடலொடங்கும்" என்றார். நுனிக் காகிதத்தைக் கிழித்து, ஈயத்தை எடுத்துவிட்டு, சங்கிலியைப் பஞ்சோடு வைத்து ஒட்டி மறுபடி போர்த்தினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பசை டப்பாவைப் பிடித்திருந்தாள்.

துறைமுகக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும் நாலு மணி நேரம் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவைத் தாலியைக் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். அவளால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவள் புருஷன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அவிழ்த்துவிட்டான்.

எங்கள் முறை வந்தது. பர்மியில் நடந்த பேச்சைத் தமிழில் சொல்கிறேன். சோதனை அதிகாரி விமானத்தைப் பார்த்தார்.

"என்ன இது, பொம்மையா?"

"ஆமாங்க, பொம்மைதான்" என்றேன் நான், சயா மூச்சு விடுவதற்குள்.

"யாடே" என்றார் அதிகாரி. பரவாயில்லை, போகலாம் என்று அர்த்தம். அனுமதி அடையாளம் போடச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துவிட்டார். இறக்கைக்கும் அதற்கும் இடையில் ஒரு விரற்கடைதான் இருந்தது.

"பொம்மை இல்ல" என்றார் லேயின் சயா.

அவர் காலை மிதித்தேன். இன்னும் சத்தமாக, "பொம்மை இல்லீங்க. இது பறக்கும்" என்றார். அதிகாரி சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார்.

"பறக்குமா? பறக்கவிடு, பார்க்கலாம்."

கொட்டகைக்கு வெளியே காலி முற்றம். கூட்டத்தை ஒதுக்கினார்கள். மருந்து என்று சொல்லிக் கொண்டுவந்த சீசாவிலிருந்து எண்ணெய் ஊற்றினார் சயா. கம்பிகளைப் பாதி நீளத்துக்குக் குறுக்கிக் கட்டினார். விமானத்தை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மாவின் சங்கிலி என் கைக்கு இரண்டு சாண் தள்ளி இருந்தது. இஞ்சின் அலறியது. விட்டேன்.

கழுத்தை வெட்டினாலும் உண்மையைச் சொல்வேன்: அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று. சயா விழவில்லை. தலைக்கு மேலே ஏற்றினார், தரையைத் தொடுகிற மாதிரி இறக்கினார். தாலியைக் கழற்றிக் கொடுத்த அந்த அம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ கை தட்டினார்கள். பிறகு வரிசை முழுக்கத் தட்டியது. சோதனை அதிகாரியும் தட்டினார். பதினோரு சுற்றில் எண்ணெய் தீர்ந்து விமானம் பூனை மாதிரி தரையிறங்கியது.

"கௌண்டே, கௌண்டே" என்று பாராட்டினார் அதிகாரி. "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இஞ்சின் இருக்கே. இஞ்சின் உள்ள சாமான் வெளியே போகக்கூடாது. மயாபூ, முடியாது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சயா வாதாடவில்லை. நல்ல சட்டம் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு கைப்பிடியையும் சீசாவையும் அதிகாரியிடம் கொடுத்தார். "இறக்கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க. அப்புறம், முக்கியமான ஒண்ணு. அந்த வெளி இறக்கை நுனிக்குள்ள ஒரு கனம் இருக்கு பாருங்க..."

தரையிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"...அதை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துடாதீங்க."

எடுக்கமாட்டேன் என்று அதிகாரி வாக்குக் கொடுத்தார்.

கப்பலில் இரண்டு நாள் அவர் முகத்தில் நான் விழிக்கவில்லை. மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. மூன்றாம் நாள் அக்கா ஒரு குவளைக் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த மூலைக்குப் போனாள். ஏதாவது சொல்லிவிடப் போகிறாளோ என்று பின்னாலேயே போனேன்.

"பொம்மைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, சயா?"

"சொல்லியிருக்கணும்மா. வாய்க்கு வரல." கஞ்சியை வாங்காமல் கையைப் பிசைந்தார். "உங்க வாழ்க்கையைக் கெடுத்துட்டேன். ஆனா ஒண்ணு, ஞானம். பதினோரு சுத்து. ஒரு சுத்துலகூடக் கம்பி தொய்யல. உங்கம்மா சங்கிலி அப்படி இழுத்துப் பிடிச்சிருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் அழுது, நடுவில் எப்படியோ சிரித்தும் விட்டாள். என் கோபம் தீர்ந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பாதி தீர்ந்தது. தூத்துக்குடிச் சம்பந்தம் பிறகு நடக்கவில்லை. அக்கா கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

சென்னையில் இறங்கியதும் அகதிகளுக்கு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். குடும்பங்களுக்கு ஒரு முகாம். தனி ஆட்களை லாரியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோனார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. எங்களுக்கு அடுத்து சயா நின்றுகொண்டிருந்தார்.

"குடும்பத்துல எத்தனை பேரு?" என்றார் எழுதுகிறவர்.

ரெண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மூணு" என்றாள் அக்கா.

"மூணாவது ஆள் யாரு? என்ன உறவு?"

அக்கா என்னைப் பார்த்தாள். பின்னால் சயா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"மூத்தவருங்க. எங்க அண்ணன்" என்றேன் நான். யார் கேட்டாலும் இப்போதும் அதைத்தான் சொல்வேன்.