பர்சோன் வைத்த தொட்டி

எனக்கு இந்தி தெரியும் என்று சொல்லிக்கொள்வதை நான் நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியில் ட்யூஷன் போய் எல்லா இந்திப் பரீட்சையும் பாஸ் செய்தவள் நான். கல்யாணமாகி ஹைதராபாத் வந்தபோது சான்றிதழை ஃப்ரேம் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். (நகைப் பெட்டி சீட்டுக்கு அடியில் வந்தது.) கணவருக்கு இந்தி சுத்தமாக வராது. கடைகளில் அவர் கையைக் காட்டுவார், நான் பேசுவேன்.

மகள் நிலா தன் ஆறாவது பிறந்தநாளுக்குத் தங்கமீன் கேட்டாள். பிறந்தநாள் சனிக்கிழமை. வியாழக்கிழமை சனத்நகரில் ஒரு மீன்கடையில் தொட்டி, ஃபில்டர், கூழாங்கல் எல்லாம் வாங்கினோம். தண்ணீர் ஊற்றி எத்தனை நாளில் மீன் விடலாம் என்று கடைக்காரர் ஜாவேத் பாயிடம் என் பரீட்சை இந்தியில் கேட்டேன். அவர் தன் கடைத் தொட்டி ஒன்றைக் காட்டினார்.

"யே பர்சோன் லகாயா மேடம். ஆஜ் மச்லி டாலா. ஐசாச் கரோ."

பர்சோன் என்றால் முந்தாநாள். முந்தாநாள் வைத்த தொட்டியில் இன்று மீன் விட்டிருக்கிறார், நாமும் அப்படியே செய்யலாம் என்று கணவருக்கு மொழிபெயர்த்தேன்.

"ரெண்டே நாளா? அதுல பாசியெல்லாம் புடிச்சிருக்கே," என்றார் அவர்.

"உங்களுக்கு இந்தி தெரியுமா?" என்றேன். பர்ஸை எடுத்துப் பணத்தை எண்ணினார்.

சனிக்கிழமை காலை மீன் வாங்கப் போனபோது தொட்டி எப்போது வைத்தீர்கள் என்று ஜாவேத் பாய் கேட்டார். "பர்சோன்," என்றேன், சத்தியமாக. "ஹவ், தோ பஸ்," ஆமாம், அப்போ போதும் என்று திருப்தியோடு ஐந்து மீன்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். அதில் குண்டு மீனுக்கு நிலா லட்டு என்று பெயர் வைத்தாள்.

விருந்துக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டார்கள். மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் போட்டேன். (இதை எழுதக் கை கூசுகிறது.) திங்கட்கிழமை காலை தண்ணீர் கஞ்சியாக வெளுத்திருந்தது. நிலா தொட்டி முன்னால் நின்றிருந்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளை அவள்.

"அம்மா, லட்டு லேவட்லேது."

லட்டு எழுந்திருக்கவில்லை. இனி எழுந்திருக்கப் போவதுமில்லை. அவள் அழுத அழுகையில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. மிச்சம் நாலையும் தூக்குவாளியில் விட்டு, கணவர் பைக் ஓட்ட, நான் பின்னால் வாளியை அணைத்தபடி கடைக்குப் போனோம்.

ஜாவேத் பாய் மீன்களைத் தன் தொட்டிக்கு மெதுவாக மாற்றிவிட்டு, என் பர்சோன் எந்தக் கிழமை என்று கேட்டார். வியாழன் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய பர்சோன் போன ரம்ஜானுக்கும் முந்தியதாம். ஹைதராபாத்தில் கடந்துபோன எந்த நாளும் பர்சோன்தான் என்று என் எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. புதுத் தண்ணீரில் மீனின் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டாக ஒரு மாதமாவது ஆகும், ஃபில்டர் பஞ்சைக் குழாயில் அலசினால் அவை செத்துப்போகும், தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒன்றரை மாதம் நாலு மீன்களும் அவர் கடையில் ஹாஸ்டலில் இருந்தன. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தோம். என் கணவர் அன்றிலிருந்து எதற்கும் "பர்சோன்" என்பார். பல்லு தேய்த்தீர்களா என்றாலும் பர்சோன்.

போன வாரம் பஞ்சை அலசிக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குக் கிளம்பிய நிலா தொட்டியருகே நின்று, அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

"லட்டு செத்து எவ்ளோ நாளாச்சும்மா?"

"பர்சோன்," என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது.

கணவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "இப்பதான் பாஸாயிருக்க," என்றார்.