சம்பாவை ஆடிக்கு அழைத்த கதை

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று தமிழ்நாடு முழுவதும் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. ஓய்வு பெறும்வரை பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் இதை மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு நாய்க்கு வால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். யாரும் நிமிர்த்தவில்லை. மட்டை வைத்துக் கட்டவில்லை. பிறவியே அப்படி. ஆட்டும்போதுகூட வளையாது, கடிகாரப் பெண்டுலம் மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஆகவே பழமொழி சொல்பவர்கள் இனி ஒரு நாயையாவது நேரில் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

நிமிர்த்தவோ வளைக்கவோ முடியாத வேறொன்று என் வீட்டில் உண்டு. பெயர் பிரகதாம்பாள். என் மனைவி.

சம்பா நெல் அறுவடையின்போது, தஞ்சாவூரிலிருந்து கிளம்பி, பாபநாசம் பக்கத்தில் குத்தகைக்கு விட்டிருக்கும் எங்கள் நிலத்தைப் பார்த்துவரப் போனோம். அறுவடை மெஷின் ஓடி முடித்த வயலில், வரப்போரமாக ஒரு நாய் கிடந்தது. பின்னங்கால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் அனுதாபப்பட்டேன். அனுதாபம் என்பது நின்ற இடத்திலிருந்தே செய்யக்கூடிய காரியம். நான் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே பிரகதா நாயைத் துண்டில் சுற்றி ஏந்திக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கால் கூடியது, லேசான நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. வைக்கோல் நிறம், பெண் நாய். அறுவடையில் கிடைத்ததால் சம்பா என்று பெயர் வைத்தாள். எதிர்வீட்டு வைரக்கண்ணு சும்மா இருப்பாரா?

"என்ன சார், சம்பா வீட்டுக்கு வந்தாச்சு. குறுவை எப்போ?"

சம்பாவைப்போல் ஒரு சாதுவை நான் ஆசிரியர் அறையில்கூடப் பார்த்ததில்லை. பால்காரரைப் பார்த்துக் குரைக்காது. பூனை வந்தால் தட்டை விட்டு எழுந்து, "நீங்க சாப்பிடுங்க" என்பதுபோல் ஒதுங்கி நிற்கும். காலையில் நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளின் தலையங்கத்தை உரக்கப் படிப்பது வழக்கம். முன்பெல்லாம் மகள் பூர்ணிமா கேட்பாள். அவள் மெல்போர்ன் போன பிறகு மின்விசிறி கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது சம்பா. என் பழைய வேட்டியை மடித்துப் போட்டால் அதில் படுத்து, என் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டு கடைசி வரி வரை கேட்கும். முப்பது பேர் கொண்ட வகுப்பில் இது எனக்கு வாய்த்ததில்லை.

"ஏங்க, அந்தச் சின்ன வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுக் குடுத்தா என்ன?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"தலையங்கத்துல இருக்கேன்."

"உங்க பேச்சைக் கேக்க ஒரு ஜீவன் இருக்கு. நான் இங்க குக்கர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

"குக்கர் பதில் சொல்லுதா?"

"மூணு தடவை சொல்லுது. உங்களைவிடத் தேவலை."

இப்படியாக இருக்கையில், பங்குனியில் ஒருநாள் நான் அந்த மகத்தான முடிவுக்கு வந்தேன்.

"பிரகதா, சம்பாவுக்கு ஒரு நல்ல இடமாப் பார்த்துக் குடுத்திடப் போறேன். நாளைக்கே பூர்ணிமா வரச் சொன்னா மெல்போர்னுக்குக் கிளம்பணும். நாயை யார் பார்த்துக்குவாங்க?"

"அவ வரச் சொன்னாளா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "சொன்னா, அப்படின்னுதான் சொன்னேன்."

அவள் பார்வை உள்ளே போனது. பூர்ணிமாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அது எப்போதும் சாத்தியேதான் இருக்கும்; தூசி வருமென்று.

"சரிங்க, குடுத்திடுவோம்" என்றாள். "ஆனா எங்கேயோ தள்ளிவிடுற வேலை ஆகாது. பொண்ணு குடுக்கிற மாதிரி நாலும் விசாரிச்சுத்தான் குடுக்கணும்."

"குடுத்த பிறகு அழக்கூடாது."

"நானா? குடுத்தா குடுத்ததுதான். திரும்பிப் பார்க்க மாட்டேன்."

கோட்டைக் கதவை எதிரி தானாகவே திறந்துவிட்டால் உள்ளே போகாதே என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

விளம்பரம் போனது. ஆட்கள் வந்தார்கள். பிரகதா ஒவ்வொரு தடவையும் கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். சம்பாவைக் குளிப்பாட்டிக் கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றிக் கூடத்தில் உட்கார வைத்தாள். சம்பாவும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது.

முதலில் வந்தவர் செங்கல் காளவாய் வைத்திருப்பவர்.

"காவலுக்கு வேணும். கடிக்குமா?"

"பஜ்ஜியைக் கடிக்கும்" என்றாள் பிரகதா.

"குரைக்கவாவது செய்யுமா?"

"மனசு இருந்தா."

அவர் இரண்டாவது தட்டு கேசரியை முடித்துவிட்டு, கலந்து பேசிச் சொல்வதாகச் சொல்லிப் போனார். அடுத்து புதிய அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு தம்பதி.

"இது ஜாதி நாயா? என்ன ஜாதி?"

"மனுஷங்களையே அப்படிக் கேக்கக்கூடாதுன்னு இவர் காலமெல்லாம் வகுப்பு எடுத்தார். நாயைக் கேக்க விடுவாரா?" என்று என்னைக் கைகாட்டிவிட்டாள். நான் தலையாட்டினேன். அந்த இடமும் போயிற்று.

கடைசியில் பாபநாசத்திலிருந்து செந்தில்குமாரும் அவர் மனைவி வானதியும் வந்தார்கள். அந்தப் பெண் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகத் தரையில் உட்கார்ந்து, தன் கேசரியில் பாதியைச் சம்பாவுக்கு ஊட்டினாள். சம்பா அவள் மடியில் தலையை வைத்தது. எனக்குச் சுருக்கென்றது. கேசரியில் சர்க்கரை அதிகம், நாய்க்கு ஆகாது என்பதால் இருக்கும்.

"இந்த இடம் முடிச்சிடலாங்க" என்றாள் பிரகதா.

வைகாசியில் நல்ல நாள் பார்த்து அனுப்பினோம். சீர்வரிசை உண்டு: ஒரு தட்டு, ஒரு போர்வை, மேலே என் பழைய வேட்டி.

"அது என் வேட்டி."

"அதுல படுத்தாதான் அதுக்குத் தூக்கம் வரும்."

கார் தெருமுனை திரும்பும்வரை பின்கண்ணாடியில் அந்த நேரான வால் தெரிந்தது. ஆடவில்லை.

வெற்றி பெற்றவன் வீட்டில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று எந்த வரலாற்று நூலிலும் இல்லை. தலையங்கத்தை மனத்துக்குள் படித்தேன். பாதியில் நிறுத்தினேன். நாற்காலிக்குக் கீழே காலை நீட்டும்போது, மிதித்துவிடக் கூடாதே என்று இன்னும் ஓரமாகவே நீட்டினேன். பிரகதா ஆரி எம்பிராய்டரி வகுப்புக்குப் போகும் நாட்களில், மிச்சமான பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டு நானே தின்றுவிட்டு வந்தேன். பூர்ணிமா வாரக் கடைசியில் போன் செய்வாள். "சம்பா எப்படிப்பா இருக்கு?" என்பாள். "நல்ல இடத்துல இருக்கும்மா" என்பேன். "நீங்க?" "நாங்களும்தான்."

பிரகதா திரும்பியே பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்திக்கு இவ்வளவு கல்நெஞ்சா?

நாயைத் திரும்ப வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது? முடிவெடுத்தவன் நான். அப்போதுதான் ஆனி முடிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அன்று காபியை இரண்டு வாய் குடித்துவிட்டு, சரித்திரத் தோரணையில் ஆரம்பித்தேன்.

"பிரகதா, நம்ம பக்கத்துல ஒரு முறை உண்டு. புதுசாக் கட்டிக்குடுத்த பொண்ணை ஆடி மாசம் தாய்வீட்டுக்கு அழைச்சிட்டு வரணும்."

"ஆமா. அதுக்கென்ன?"

"நாம வைகாசியில ஒருத்தியை அனுப்பினோம்."

"நாயைங்களா?"

"சீர் குடுத்து அனுப்பினா அது பொண்ணுதான். நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் ஒண்ணும் சொல்லாது. குடுத்தா குடுத்ததுதான். விடுங்க."

"பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு ஆத்தங்கரையில எல்லார் வீட்டுப் பொண்ணும் நிக்கும். நம்ம வீட்டுல..." என் குரல் கொஞ்சம் தழைந்துவிட்டது. சரித்திரத் தோரணை போய்விட்டது.

அவள் என்னையே பார்த்தாள். "அழைச்சிட்டு வந்தா குளிப்பாட்டுறது யாரு?"

"நான்."

"காலையில நடக்கக் கூட்டிட்டுப் போறது?"

"நான்தான்."

"முடி கொட்டினா கூட்டுறது?"

"அட, எல்லாம் நானே."

"ஏதோ ஆசைப்படுறீங்க. போய்ட்டு வாங்க" என்றாள் மனசில்லாததுபோல. ஒரு மனைவியை வாதத்தில் வென்ற முதல் வரலாற்று ஆசிரியன் நான் என்ற நினைப்போடு, ஆடி முதல் தேதி வைரக்கண்ணுவின் காரில் பாபநாசம் கிளம்பினேன்.

செந்தில்குமார் வீட்டு வாசலில் மூட்டை கட்டித் தயாராக இருந்தது: தட்டு, போர்வை, வேட்டி. சம்பா நொண்டிக்கொண்டே ஓடிவந்து என் பாதத்தில் தாடையை வைத்தது. அதன் பின்னாலேயே வேறு இரண்டு நாய்கள் ஓடிவந்தன.

"இதுங்க?"

"எங்களுதுதான் சார். ரொம்ப வருஷமா இருக்கு" என்றாள் வானதி. "நாலாவதா வளர்க்க எங்க வீட்டுல இடம் ஏது?"

"நாலாவதா?"

"உள்ளே இன்னொண்ணு தூங்குது சார். பிரகதாம்மாதான் வகுப்புல சொன்னாங்க, ஆடி வரைக்கும் வெச்சிரும்மா, அவரே வந்து கேப்பாருன்னு. நானும் அவங்களும் ஆரி வகுப்புல பக்கத்துப் பக்கத்துல உக்காருறோமே, சொன்னதில்லையா?"

சொல்லியிருப்பாள். நான் தலையங்கத்தில் இருந்திருப்பேன்.

"ஆவணி பொறந்ததும் திருப்பிக் கேக்க மாட்டீங்களே?" என்றேன்.

"கேக்க மாட்டோம் சார். வேட்டியைத் தவிர வேற எதுலயும் அது படுக்கவேயில்ல. கேட்டைப் பார்த்தபடியேதான் கிடந்துச்சு."

தஞ்சாவூர் வந்து சேர்ந்தபோது பிரகதா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். ஆரத்தி சம்பாவுக்கு. சுற்றி முடித்ததும் மூட்டையைப் பிரித்து, வேட்டியை எடுத்து உதறி, உள்ளே கொண்டுபோய் அடுக்களை வாசலில் நாலாய் மடித்துப் போட்டாள். சம்பா போய்ப் படுத்துக்கொண்டது.

தலையங்கத்தை இப்போது அடுக்களை வாசலில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். சின்ன வெங்காயமும் உரிக்கிறேன்.