கரண்ட் குடிக்காத வெப்சைட்

முதலாளியின் சகலை முனியசாமியின் படத்தைக் கம்பெனி வெப்சைட்டிலிருந்து செம்மல் எடுத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, வாசலில் புல்லட் சத்தம் கேட்டது.

"எம் படம் எங்கய்யா? காலையில இருந்துச்சு, இப்பக் காணோம்!"

"பக்கம் ரொம்பக் கனமா இருக்குங்க. அதான்..."

"நான் கனமா? தெறப்பு விழாவுக்குச் சீர் தூக்கிட்டு வந்தது எவன்?"

படம் மறுபடி ஏறியது.

கறம்பக்குடி உதயசூரியன் முந்திரி கம்பெனியின் வெப்சைட், கல்யாண பிளக்ஸ் மாதிரிதான் இருக்கும். திறந்தவுடன் நாதஸ்வரம். அப்புறம் திறப்பு விழா வீடியோ. அதற்குக் கீழே கைகூப்பியபடி சொந்தக்காரர்கள் நாற்பத்தேழு பேர். முந்திரிக்குக் கடைசியில் ஒரே ஒரு படம், அதுவும் மங்கல்.

திங்கட்கிழமை, முந்திரி வாங்குகிற டென்மார்க் கம்பெனியிடமிருந்து மெயில் வந்திருந்தது. முதலாளியின் தங்கை மகன் அஜித்தான் படித்துச் சொன்னான். இந்தப் பக்கத்தை யார் திறந்தாலும் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் கரண்டைக் குடித்துப் புகையைப் பெருக்குகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் இளைக்க வைத்து, அந்தப் புகையை அளந்து மார்க் போடுகிற சைட்டில் ஏ கிரேடு வாங்காவிட்டால் ஆர்டர் கிடையாதாம்.

"ஆர்டர் போச்சுன்னா நீயும் போயிரு," என்று முதலாளி செம்மலிடம் சொல்லிவிட்டார். நாற்பத்தொரு வயதில், இந்த ஊரில், இந்த வேலைக்கு இன்னொரு நாற்காலி எங்கே இருக்கிறது?

புதன்கிழமை எல்லாப் படங்களையும் சின்னதாக்கினான். யார் படம் யாரைவிடச் சின்னது என்று நாற்பத்தேழு குடும்பமும் நாள் முழுக்கத் திறந்து திறந்து பார்த்ததில், ஒரு மாதக் கரண்ட் ஒரே நாளில் போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

வியாழக்கிழமை அஜித் டீயோடு வந்தான். ஏழு வருடமாகக் குடோனைப் பார்த்துக்கொள்கிற பையன், அதிர்ந்து பேச மாட்டான்.

"எம் படத்த மொதல்ல எடுத்துருங்கண்ணே. எல்லாரையுமே எடுங்க, பாட்டையும் எடுங்க. மாமா படம் ஒண்ணு போதும். அதையும் கறுப்பு வெள்ளையாக்கிருங்க, கலருதான் கனம். பின்னாடி பூராக் கறுப்பு, கரண்டு மிச்சம்."

"மொதலாளி கோச்சுக்குவாரே?"

"அவரு பொறந்த தேதிய எடது பக்கம் போடுங்க, சந்தோசப்படுவாரு. பக்கத்த மாத்துன தேதிய வலது பக்கம் போடுங்க. டென்மார்க்காரன் பாக்கணும்ல?"

மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத செம்மலுக்கு அது தெய்வவாக்காகப் பட்டது. போட்டான். ஏ கிரேடு விழுந்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார். மூன்று வேன் நின்றது. கொட்டை உடைக்கிற உண்ணாமலை தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். முனியசாமி மாலையோடு இறங்கினார். முதலாளியைப் பார்த்து முதலில் பயந்தார், பிறகு கோபப்பட்டார்.

"காதுகுத்துக் கறிச்சோத்த விட்டுட்டு ஓடியாந்தேன். நீங்க பல்லு வெளக்கிட்டு நிக்கிறீங்க?"

செம்மல் சைக்கிளிலிருந்து இறங்கும்போதே எல்லோரும் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். கறுப்புப் பக்கம், கறுப்பு வெள்ளை முகம், இரண்டு பக்கமும் தேதி. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துதான் பாக்கி.

ஆபீஸிலிருந்து பிரகதீஸ்வரி ஓடிவந்தாள். "டென்மார்க் மெயில் சார். வெப்சைட்டு பிரமாதமாம். ஐயா மறைவுக்கு வருத்தமாம். அஜித் சார் பேசிட்டாராம், ஆர்டரெல்லாம் இனி அவரு புதுக் கம்பெனிக்காம்."

முதலாளி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் என்ன பண்ணுவான், பாவம். நான் போயிட்டேன்னு நெனச்சு, ஆர்டர் கைவிட்டுப் போயிரக் கூடாதேன்னு பேசியிருக்கான். எல்லாம் ஒன்னாலதான்யா. பையத் தூக்கிட்டுப் போ!"

யோசனை சொன்னவன் பெயர் செம்மலின் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல மனதோடு உதவியவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தான். வெளியே வந்ததும் அழுகை வந்தது.

கேட்டருகே பூக்கடை சிவசாமி இன்னும் மாலை இறக்கிக்கொண்டிருந்தார்.

"திருப்பிக் கொண்டுபோங்கண்ணே. என் தப்புதான். ஒரே ராத்திரியில இம்புட்டையும் கட்ட வச்சுட்டேன்."

"ஒரே ராத்திரியிலயா? எரநூறு மாலைய அப்படிக் கட்ட முடியுமா தம்பி? அஜித்துதான் திங்கக்கெழமையே வந்து சொல்லிட்டுப் போயிட்டாப்லயே!"