மிதிப்பதை நிறுத்தினால் வரும் சத்தம்

அன்பும் மரியாதையும் மாறாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

இந்தச் சொல்லை இனி நான் எழுதக்கூடாது என்று உங்கள் மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே அந்த உறவு முடிந்துவிட்டதாம். அப்படியானால் என்னவென்று எழுதுவது, நீயே சொல் என்றேன். கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எதையாவது எழுதுங்க, ஆனா சுருக்கமா எழுதுங்க" என்றாள். 'ஐயா' என்று எழுதினால் வாடகைக்கு வீடு கேட்பது போல இருக்கிறது. பெயர் சொல்லி அழைத்து எனக்குப் பழக்கமில்லை. ஆகவே வேறு சொல் கிடைக்கும்வரை நீங்கள் மாப்பிள்ளைதான். இங்கே நாங்கள் மூவரும் உடம்பைப் பொறுத்தவரை சுகம். நீங்களும் புது இடத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போகிறீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் உங்கள் ரேஸ் சைக்கிள். இரண்டு பெட்டியோடு நீங்கள் நம் வீட்டு மாடியைக் காலி செய்த அன்று, அதைப் படிக்கட்டுத் திருப்பத்தில் சாய்த்து வைத்துவிட்டு, "டாக்டர் உங்கள மிதிக்கச் சொல்லியிருக்காரே மாமா, நீங்களே ஓட்டுங்க. அங்க வெக்க எடமில்ல" என்றீர்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு வேறு எதுவும் பேச வரவில்லை, அதனால் சைக்கிளைப் பற்றியாவது பேசினோமே என்று இருந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் தவறாமல் ஓட்டுகிறேன். முதுகை வளைத்துக்கொண்டு நான் போவதைப் பார்த்தால் தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி இருக்கிறதாம், உங்கள் மாமியார் சொல்கிறாள். அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் கஷ்டம் அதுவல்ல, சக்கரம் போடுகிற சத்தம்.

நம் தெரு வீட்டை நோக்கி இறங்குகிறதல்லவா, அந்த இறக்கத்தில் நான் வரும்போது உங்கள் சக்கரங்கள் கலகலவென்றும் கிர்ர்ரென்றும் ஒரு கச்சேரியே நடத்துகின்றன. வாசல் கேட்டுக்கு வந்தால் ஹால் ஜன்னல் வழியே உள்ளே தெரியும். என் மகள் கம்ப்யூட்டரில் ஏதோ வேலையாக இருப்பாள். சத்தம் கேட்டதும் கை அப்படியே நிற்கும். எழுந்து வருவாள். கதவுத் தாழ்ப்பாளில் கை வைப்பாள். நீங்கள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அப்படித்தான் வந்து கதவைத் திறப்பாள், உங்களுக்கே தெரியும். ஆனால் இப்போது திறப்பதில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்று, ஒன்றும் நடக்காதது போல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இதை ஒவ்வொரு சாயங்காலமும் பார்க்கிறேன் மாப்பிள்ளை. பெற்ற வயிறு மட்டுமில்லை, பெற்ற அப்பன் வயிறும் எரியத்தான் செய்கிறது. யார் மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை, அதைக் கேட்கத்தான் நீதிமன்றம் இருந்ததே. இந்தச் சத்தத்தை மட்டும் ஒழித்துவிட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று முடிவு செய்தேன்.

வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். பத்தாவது மாடியில் கிறீச்சிட்டால் கீழே நின்றபடியே எந்த உருளை என்று சொல்வேன். ஒரு சைக்கிள் சக்கரம் என்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு அதைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுவந்தேன். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு 'டக்'. காற்றடிக்கிற வால்வின் அடியில் இருக்கும் குட்டி நட்டு தளர்ந்திருந்தது, முடுக்கினேன், தீர்ந்தது. அடுத்தது கலகல. ரிம்முக்குள் ஏதோ உருண்டது. சக்கரத்தைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தேன். "என்னங்க, தாலாட்டா?" என்றாள் உங்கள் மாமியார். டயரை உரித்து, டியூபை உருவி, சக்கரத்தைத் தலைகீழாகக் குலுக்கியதில் காய்ந்த பசைத்துணுக்கு ஒன்று கடுகு மாதிரி விழுந்தது. இவ்வளவு பெரிய சத்தத்துக்கு இத்துனூண்டா என்று அதை ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன். பிறகு மேட்டில் ஏறும்போது ஒரு கிறீச். ஸ்போக் கம்பிகள் ஒன்றோடொன்று குறுக்கே உரசுகிற இடம் அது. அங்கே ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடவேண்டும். நான் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். எண்ணெய் வழிந்து, பிரேக் கட்டை பிடிக்கிற ரிம்மில் பரவியது எனக்குத் தெரியாது. சாயங்காலம் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தால் வண்டி என்னை ஏனென்றே கேட்கவில்லை, வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கேட்டில் நின்ற உங்கள் மாமியார், "எங்க போறீங்க?" என்று கத்தினாள். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

இத்தனையும் தீர்ந்த பிறகும் மகள் எழுந்தாள். மிச்சம் இருந்தது அந்தக் கிர்ர்ர் மட்டும்தான். சத்தம் பின்சக்கரத்து நடுவில் செயின் பற்றி இழுக்கிற பல்சக்கரமான ஃப்ரீவீலில் இருந்து வருகிறதென்று கண்டுபிடித்து, லிஃப்டுக்குப் போடுகிற மாதிரி கெட்டியான கிரீஸை உள்ளே அடைத்தேன். சத்தம் அடங்கியது. கூடவே வண்டியும் அடங்கிவிட்டது. நாற்சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் எழுந்து நின்று மிதித்தேன். உள்ளே பல்லைப் பிடிக்கிற கொக்கி கிரீஸில் ஒட்டிக்கொண்டதால், பெடல் காற்றில் சுற்றியதே ஒழியச் சக்கரம் நகரவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கைகூப்பிக் கும்பிட்டார். அசடு வழிய வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கிரீஸை வழித்தெடுத்தபடியே, "சார், இது ரிப்பேரே இல்ல. மிதிக்கறத நிறுத்தினா இந்தச் சக்கரம் இப்படித்தான் சத்தம் போடும். வேணாம்னா வீடு வர வரைக்கும் நிறுத்தாம மிதிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அதை அப்படியே கடைப்பிடித்தேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே, மிதித்துக்கொண்டே, இறக்கத்தில் சத்தமில்லாமல் வந்து கேட்டில் மோதினேன். அந்தச் சத்தத்துக்கு மகள் மட்டுமா, தெருவே எழுந்து வந்தது. முழங்காலில் கட்டு.

அதனால் இப்போது தெருமுனையிலேயே இறங்கிவிடுகிறேன். தள்ளிக்கொண்டு வந்தாலும் அது கிர்ரென்கிறது. எனவே பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, முன்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு நடந்து வருகிறேன். எதிர்வீட்டுக்காரர் தினமும், "பஞ்சரா?" என்று கேட்கிறார். தினமும் ஆமாம் என்கிறேன். அந்த மனிதர் என் டயரைப் பற்றி என்ன நினைக்கிறாரோ. என் இடுப்பு விட்டுப்போகிறது, டாக்டர் மிதிக்கச் சொன்னாரே தவிர தூக்கச் சொல்லவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, வந்து உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். சனிக்கிழமை காலையில் மகள் வீட்டில் இருக்க மாட்டாள். வண்டியைத் துடைத்து, காற்றடித்து வாசலிலேயே வைத்திருப்பேன். உள்ளே வரவேண்டும் என்று இல்லை. வந்தால் ஒரு டீ குடிக்கலாம். உங்கள் மாமியார் அந்த நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிறாள், போகாவிட்டாலும் போகச் சொல்கிறேன்.

எந்த ஊரில், யாரோடு இருந்தாலும் நோயில்லாமல், மனக்கஷ்டமில்லாமல் இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன். வாழ்த்துவதற்குத் தீர்ப்பில் தடை ஏதும் போடவில்லை, படித்துப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் கிளம்பினேன். திரும்பும்போது வழக்கம்போல் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், மகள் தெருவில் நின்றுகொண்டிருக்கிறாள். "எங்கப்பா போயிட்டீங்க? கொஞ்ச நாளா சத்தமே காணோம்?" என்றாள். "அவர்தான் வர்றார்னு நெனச்சு நீ எழுந்திருக்கக் கூடாதுன்னுதாம்மா" என்றேன். "மொதல்ல ரெண்டு மூணு நாள் அப்படித்தான் எழுந்தேன். அப்புறம் நீங்க விழாம வந்து சேந்தீங்களான்னு பாக்கத்தான்ப்பா எழுந்திருக்கேன். நீங்க கேட்டைச் சாத்தற சத்தம் கேட்டதும் போய் உக்காந்துடுவேன். இப்ப எதுவுமே கேக்காம பயமா இருக்கு" என்றாள். என் கையிலிருந்து வண்டியை வாங்கி, பின்சக்கரத்தைத் தரையில் இறக்கி, வீடுவரைக்கும் கிர்ரென்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. முந்தாநாள் யாரோ ஒருவர் இதே மாதிரி சத்தத்தோடு நம் தெருவில் இறங்கிப் போனார். நான் பேப்பரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். உங்கள் வண்டி படிக்கட்டுத் திருப்பத்தில் என் கண்ணெதிரேதான் நிற்கிறது. அது தெரிந்தும் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் முன்னால் போக, என் பழைய வண்டியில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவேனே, உங்கள் சக்கரம் கிர்ரென்றால் இறக்கம் வருகிறது, இனிக் கொஞ்சம் ஓய்வு என்று எனக்குத் தெரியும். அவள் உங்களை மறந்துவிட்டாள் போலிருக்கிறது மாப்பிள்ளை. என்னால் முடியவில்லை.

வண்டியை எடுக்க வரவேண்டாம், அதன் சத்தம் அவளுக்கு வேண்டும். நீங்கள் இதற்குள் வேறு ரேஸ் சைக்கிள் வாங்கியிருப்பீர்கள். என்றைக்காவது இந்தப் பக்கம் வர நேர்ந்தால் பெல் அடிக்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். இறக்கத்தில் மிதிப்பதை மட்டும் நிறுத்துங்கள். நான் வாசலுக்கு வந்துவிடுவேன்.